கூடுதலாக ஒரு கால்

1
ஒரு சிறிய ஊரின் போர் நினைவுப் பூங்காவில், பெயர்கள் செதுக்கிய கல்லுக்கு முன்னால் ஒரு பெண் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் யாரும் சிரிப்பதில்லை. போய்க் கேட்டிருக்கலாம், கூச்சம். அதற்குள் பேருந்தும் வந்துவிட்டது. கேட்காமல் வந்த குறைக்குத்தான் இந்தக் கதை.

2
'மழை விட்டிருந்தது. அவள்—'
வேண்டாம். அன்று மழையே இல்லை.
'வீரமரணம் எய்திய—'
அது கல்லிலேயே இருக்கிறது.

சரி, இப்படி: அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். எழுத்து அட்டையைக் காட்டி, "கடைசி வரி தெரியுதா?" என்று கேட்டே இருபது வருடம் ஓடிவிட்டது. தம்பி போரில் ஒரு காலை இழந்து, ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தான். களத்தில் சாகாததால் கல்லில் அவன் பெயர் ஏறவில்லை. அவள் விடாமல் மனுப் போட்டாள். போன வாரம்தான் கடிதம் வந்தது: பெயர் சேர்க்கப்பட்டுவிட்டது.

3
மதியம். புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் சுற்றிச் சுற்றி வந்து கல்லையும் நனைத்துப் போனது. நனைந்ததும் பெயர்கள் மேலே மிதந்து வந்தன. காய்ந்ததும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. (இது அவள் கண்ணுக்குத் தெரிந்ததா, என் கண்ணுக்கா என்று கேட்காதீர்கள்.) அந்த மிதப்பில் தம்பியைத் தேடிப் பிடித்தாள். இரண்டாம் எழுத்துக்குப் பக்கத்தில், வேண்டாத ஒரு துணைக்கால்.

முதலில் விரலால் தடவிப் பார்த்தாள்; செதுக்கியதுதான். அப்புறம் அவன் குரல் காதில் விழுந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து சொன்னானே: "அக்கா, இனிமே ஒத்தச் செருப்பத் தேடினாப் போதும்!"

"போன காலத் திருப்பிக் குடுத்துட்டாங்கடா," என்றாள் கல்லைப் பார்த்து. சிரிப்பு பீறிட்டது.

4
தோட்டக்காரர் ஓடி வந்தார். (இவரை நான்தான் சேர்த்தேன். அவளோடு பேச யாராவது வேண்டுமே.)

"என்னம்மா ஆச்சு?"

"ஒரு கால் அதிகமாப் போட்டுட்டாங்கய்யா."

அவர் குனிந்து படித்தார். "எழுதிக் குடுங்க. கல் கொத்துறவரு வந்து செதுக்கி எடுத்துட்டுப் பூசிடுவாரு. வடு தெரியும். ஆனா பேரு சரியாயிடும்."

"மறுபடியும் வெட்டணுமா?"

குழாய் இன்னொரு சுற்று வந்து போனது.

5
முதலில் அவளை எழுதிக் கொடுக்க வைத்தேன். உளி அந்தக் காலில் படும் இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை. பிறகு, அப்படியே விட்டுவிட்டுப் போக வைத்தேன். அது இன்னும் மோசம்: இத்தனை வருடம் நடையாய் நடந்தது வேறு எவனோ ஒருவன் பெயருக்கா? இரண்டு முடிவையும் கிழித்துப் போட்டேன்.

அப்போது அவள் கைபேசி அடித்தது. வீட்டிலிருந்து அம்மா. எந்தக் கண்ணாடிக்கும் தேறாத கண் அம்மாவுக்கு. படம் எடுத்து அனுப்பிப் பயனில்லை.

"பாத்துட்டியாடி? பேரு சரியா இருக்கா?"

"பாத்துட்டேம்மா."

"எழுத்தெழுத்தாச் சொல்லு, கேக்குறேன்."

அவள் ஈரக் கல்லில் விரலை வைத்து முதல் எழுத்தைச் சொன்னாள். மறுமுனையில் அம்மாவும் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். விரல் நகர்ந்தது. இரண்டாவது எழுத்து. குறுக்கிச் சொல்வதா, நீட்டிச் சொல்வதா என்று

எனக்கு இதற்குமேல் வாக்கியம் வரவில்லை. அம்மா காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.