கோலீனின் வண்டிக்கு நெவில் மாட்டிய டயர்

அந்தச் சின்ன ஜீப் கோலீனுடையது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அவள் வாங்கியது. அவள் கணவன் நெவிலின் பெரிய வண்டி போன குளிர்காலத்தில் எஞ்சின் வெந்து செத்துப்போனது. அதிலிருந்து வீட்டில் இருந்தது இந்த ஒன்றுதான். நெவில் அதைத் தன் வண்டி மாதிரி ஓட்டினான், தன் வண்டி இல்லை என்பது மாதிரி வெட்கப்பட்டான்.

வண்டியில் ஒரு குறையும் இல்லை. நான்கு சக்கரமும் இழுக்கும், எடை குறைவு, எந்த மணல்மேட்டிலும் ஆடு மாதிரி ஏறும். குறை மதுக்கடை வாசலில் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே நிற்கிற வண்டிகளுக்கு ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். நடுவில் நெவில் கொண்டுபோய் நிறுத்தினால், அவற்றில் ஏதோ ஒன்று குட்டி போட்டது போலத் தெரியும். ஒரு நாள் அவன் நண்பன் டாரல் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி ஒன்றை உருட்டி வந்து, ஜீப்புக்குப் பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டிவிட்டான்.

"தனியா நிக்குது பாவம். ஜோடி சேத்து வச்சேன்டா" என்றான்.

நெவிலும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறந்து டயர் படங்கள் பார்க்க உட்கார்ந்தான்.

"மாத்திக்கோ, வேணாங்கல" என்றாள் கோலீன். "ஆனா சனிக்கிழமை கழியட்டும்."

"சரி கோல்."

சனிக்கிழமை என்றால் ஆபலோன் சிப்பி, கடல் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவு ருசி. எங்கள் கடற்கரையில் அதை எடுக்க வருடத்தில் நான்கே சனிக்கிழமைகள் விடுவார்கள், அதுவும் காலையில் ஒரு மணி நேரம். மீன்துறைக்காரர் ஊதல் ஊதினால் தண்ணீரில் இறங்க வேண்டும், மறுபடி ஊதினால் ஏறிவிட வேண்டும். இந்த வருடம் முதல் மூன்று வாரமும் அலை பெரிதாக இருக்கிறது என்று ரத்து செய்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒன்றுதான். வருடம் முழுக்க ஊரான் பிள்ளைகளுக்குப் பொரித்துப் போடுகிற கோலீனுக்கு, தனக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம். பாறைக்கடியில் அவள் கையை விட்டால் வெறுங்கையாக வராது என்பது ஊரறிந்த விஷயம்.

வியாழக்கிழமை நெவில் டயர் கடையில் நின்றான்.

கடைக்காரர் ராஸ் யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகாதவர். "ஒரு சைஸ் கூட்டினா அப்படியே மாட்டிரலாம். ரெண்டு சைஸ்னா வண்டியக் கொஞ்சம் தூக்கணும். அதுக்கும் மேலன்னா..." என்று இழுத்தார்.

"மேலன்னா?"

"அது சுரங்கத்துக்குப் போற பெரிய வண்டிங்களுக்கு. பக்கவாட்டுல கல்லு மாதிரி இருக்கும். உன் வண்டி எடைக்கு அது அமுங்காது நெவ்."

"எடை இல்லன்னா தேயாதுல்ல? நல்லதுதான."

ராஸ் யோசித்தார். "அப்படியும் சொல்லலாம்" என்று சொல்லி மாட்ட ஆரம்பித்தார்.

வண்டியைத் தூக்கினார்கள். முன்பக்கம் இடித்த பிளாஸ்டிக்கை ரம்பத்தால் அறுத்து எடுத்தார்கள். ஸ்டெப்னி பின்கதவில் ஏறவில்லை, அதைக் கடையிலேயே விட்டார்கள். ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினால் டயர் எங்கேயோ உரசிக் கர்ரென்றது. அந்த உறுமல் வண்டிக்கு எடுப்பாக இருப்பதாக நெவில் சொன்னான்.

கோலீன் வாசலுக்கு வந்து பார்த்தாள். அப்பாவின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு சின்னப் பையன் நிற்பது போல நின்றது வண்டி.

"சனிக்கிழமை கழியட்டும்னு சொன்னேன்."

"சனிக்கிழமைக்காகத்தான் கோல். மணல்ல பறக்கும் பாரு."

சனிக்கிழமை தார்ச்சாலை ஏற்றத்திலேயே அது பறக்க மறுத்தது. அந்த டயரைச் சுழற்ற எஞ்சினுக்கு மூச்சு போதவில்லை. மூன்றாவது கியரில் முனகிக்கொண்டு ஏறும்போது, கேரவனை இழுத்துக்கொண்டு ஒரு வயதான தம்பதி அவர்களைத் தாண்டிப் போனார்கள். அந்த அம்மாள் கையசைத்தாள்.

"எஞ்சின் பழகிட்டிருக்கு" என்றான் நெவில்.

"எட்டு வருஷமாவா?" என்றாள் கோலீன்.

மணல் பாதை தொடங்கும் இடத்தில் எல்லோரும் இறங்கி டயர் காற்றை இறக்குவார்கள். டயர் தொய்ந்து பரந்தால்தான் மணல் மேல் போகும், இல்லாவிட்டால் தோண்டிக்கொண்டு இறங்கும். எங்கள் ஊரில் இது குழந்தைக்கும் தெரியும். நெவிலும் வழக்கமான அளவுக்கு இறக்கினான். கல் போன்ற அந்த டயர் கொஞ்சம்கூடத் தொய்யவில்லை.

"பாத்தியா, அப்படியே நிக்குது. தரம்னா இது."

"தொய்யணும் நெவ். அதுக்குத்தான இறக்குறோம். இன்னும் பாதி விடு."

நெவில் பின்னால் பார்த்தான். டாரலும் மற்றவர்களும் தங்கள் வண்டிகளிலிருந்து இறங்கி இந்த டயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாரல் உதட்டைப் பிதுக்கி, பரவாயில்லையே என்பது போலத் தலையாட்டினான். நெவில் காற்றுமூடியைத் திருகி மூடிவிட்டு, எல்லோருக்கும் முதல் ஆளாகப் பாதையில் நுழைந்தான்.

ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாதை அது. கடைசி மேட்டுக்குக் கீழே மணல் மாவு மாதிரி இருக்கும். அங்கே நான்கு டயரும் நான்கு குழி தோண்டி, வண்டி வயிறு பதிய உட்கார்ந்தது. பின்னால் ஊரே நின்றது. ரப்பர் நீச்சல் உடுப்பில் தொப்பையைத் திணித்துக்கொண்டு ஆண்கள் ஒவ்வொருவராக நடந்து வந்தார்கள்.

"கயிறு போடவா?" என்றான் டாரல்.

"வேணாம்டா, ரெண்டு நிமிஷம்."

இழுத்துவிடப்பட்டவன் ஒரு பெட்டி பீர் வாங்கித் தர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பீர் போனால் போகிறது. அதைக் குடிக்கும்போது அந்தக் கதையைச் சொல்வார்கள், அடுத்தவன் மாட்டிக்கொள்ளும் வரை சொல்வார்கள்.

"கயிறு போடச் சொல்லு" என்றாள் கோலீன்.

"நானே எடுத்துருவேன் கோல்."

"அப்ப காத்தையாவது இறக்கு."

"இறக்குனா சப்பையாத் தெரியும்."

கோலீன் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். வலைப்பையையும் சிப்பி நெம்பும் இரும்பையும் எடுத்துக்கொண்டு இறங்கி, மேட்டில் ஏறத் தொடங்கினாள். அதைப் பார்த்து மற்றவர்களும் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி ஏறும்போதே ஊதல் கேட்டது. மேட்டைத் தாண்டி, கரையோரமாக அவளுடைய பாறை வரைக்கும் ரப்பர் உடுப்பில் ஓடுவதற்குள் நேரத்தின் பெரும்பகுதி போய்விட்டது. தண்ணீரில் இறங்கி நான்கு சிப்பி நெம்பினாள். ஐந்தாவதில் இரும்பை வைத்தபோது மறுபடி ஊதினார்கள். இரும்பை எடுத்துவிட்டாள்.

அப்போதுதான் மேட்டின் மேலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு ஜீப் இறங்கி வந்தது. நான்கு டயரும் சப்பையாகப் பரந்து, மணல் மேல் அழகாக மிதந்து வந்தது. அது கிளம்பியதால் பின்னால் அடைபட்ட பாதையும் திறந்துகொண்டது, இனி யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

"பாத்தியா! ஒருத்தனும் இழுக்கல" என்றான் நெவில் இறங்கியபடி.

"காத்தை இறக்கினியா?"

"கொஞ்சம்."

"எப்போ?"

"நீங்கள்லாம் மேட்டத் தாண்டினதும்."

"அப்பவே வந்திருக்கலாமே. இவ்வளவு நேரம் என்ன செஞ்ச?"

டாரல் நெவிலின் கையிலிருந்த போனைப் பிடுங்கி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். மணல்மேட்டோடு ஜீப், கடலோடு ஜீப், டயர் மட்டும், டயருக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நெவில்.

"நல்லாத்தான்டா விழுந்திருக்கு" என்றான் டாரல். அவன் பையில் இரண்டு சிப்பி இருந்தது.

கோலீன் கையை நீட்டினாள். "சாவி."

கொடுத்தான். நான்கு சிப்பி கிடந்த வலையை உள்ளே வைத்துவிட்டு, பெரிய டயர் மேல் காலை ஊன்றி அவள் ஏறினாள். அந்த வேலைக்கு அது நன்றாகவே உதவியது.

"கோல், நான் எப்படி வர்றது?"

எஞ்சினைக் கிளப்பினாள். "நாங்கல்லாம் வந்த மாதிரி."