கம்பம் இறங்கும் மடு

பூ வலப்பக்கம் விழுந்தது.

அம்மன் சிலையின் தலையில் பூசாரி செங்கோடன் வைத்த அரளிப்பூ, மற்ற ஆண்களின் பெயரைச் சொன்னபோதெல்லாம் அசையாமல் இருந்தது. “யுவராஜு” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நழுவிவிட்டது. கோயில் முன் நின்ற கூட்டம் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தது.

“ஆத்தா அந்த ஊட்டையேதான் கேக்கறா” என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

கூட்டத்துக்கு வெளியே, வேலியோரம் நின்றிருந்த தேன்மொழியின் காதில் அது விழுந்தது. யுவராஜ் அவள் கணவன் பூபதியின் தம்பி. போன சித்திரையில் இதே பூ பூபதியின் பெயருக்கு விழுந்தது. அவன் கம்பத்தோடு மடுவில் இறங்கினான். உயிரோடு மேலே வரவில்லை.

மலைமேல் இருக்கும் எடப்புளி நாட்டின் அந்தச் சிற்றூரில் மாரியம்மன் நோன்பு என்றால் கம்பம்தான். மூன்று கிளையாகக் கவைவிட்டுப் பிரிந்த பாலை மரம் ஒன்றைக் காட்டில் தேடி வெட்டி, மஞ்சள் பூசி, கோயிலுக்கு முன்னால் நடுவார்கள். நட்டுவிட்டால் அது மரமில்லை, அம்மனின் புருஷன். பொய் சொல்லித் தன்னைக் கட்டிக்கொண்டவனை அவளே கோபத்தில் வெட்டிச் சாய்த்தாள் என்றும், பிறகு மனம் பொறுக்காமல் வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப அழைத்துக்கொள்கிறாள் என்றும் கதை. நோன்பு முடியும்வரை அவள் சுமங்கலி. ஊர்ப்பெண்கள் விடியலில் கம்பத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். சாயங்காலம் ஆண்கள் பம்பைச் சத்தத்துக்கு அதைச் சுற்றி ஆடுவார்கள். கடைசி நாள் கம்பத்தைப் பிடுங்கி, கல் கட்டி, ஓடையில் இருக்கும் ஆழமான மடுவுக்குக் கொண்டுபோவார்கள். பூ விழுந்தவன் அதைக் கட்டிப்பிடித்தபடி மூழ்கி, அடியில் சேர்த்துவிட்டு வருவான். அன்று அம்மனுக்கு வெள்ளைச் சேலை. மறுநாள் மஞ்சள் நீராட்டு. அம்மன் மறுபடி சிவப்புச் சேலைக்கு வந்துவிடுவாள்.

தேன்மொழிக்கு அந்த மறுநாள் வரவில்லை.

பூபதியைத் தேடி, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் ஏறித் தீயணைப்பு வண்டி வந்தது. உள்ளே இறங்கிய ஆள் மேலே வந்து சொன்னதை அவள் மறக்கவில்லை. “கீழ ஒரே கவையா நிக்குதுங்க. எத்தன வருசத்துக் கட்டையோ. அதுக்குள்ள சிக்கியிருக்காரு.” அம்மனின் பழைய புருஷர்கள் எல்லோரும் அங்கே இருட்டில், மூன்று விரல்களை விரித்த கைபோல, மேலே பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் மஞ்சள் நீராட்டு நடக்கவில்லை. அம்மன் வெள்ளைச் சேலையிலேயே இருந்தாள். அதன்பிறகு மிளகுக்கொடிகள் வேரோடு வாடின. மரவள்ளிக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. ஊரில் காய்ச்சல் வந்து இரண்டு பேர் போனார்கள். நோன்பு பாதியில் நின்றதால்தான் என்றார்கள். நிறுத்திய வீடே முடித்து வைக்க வேண்டும் என்றார்கள். பூ கேட்பதற்கு முன்பே அவர்களுக்குப் பதில் தெரிந்திருந்தது.

வீட்டில் யுவராஜின் மனைவி யமுனா கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மாமியார் அத்தாயி அடுப்பைப் பார்த்தபடி திரும்பாமல் பேசினாள்.

“பூ உழுந்தாச்சு. போய்த்தான் ஆவோணும்.”

“அத்தை, ஒருத்தர் போனது போதாதுங்களா?” என்றாள் தேன்மொழி.

“நான் பெத்த புள்ளைக, எனக்கு வலிக்காதா? இவன் போவுலீன்னா நாளைக்கு ஊர்ல எந்தக் கொழந்தைக்குக் காய்ச்ச வந்தாலும் இந்த ஊட்டு வாசல்லதான் வந்து மண்ணத் தூத்துவாங்க. நான் இந்த ஊருக்குள்ளதான் சாவோணும் கண்ணு.”

யுவராஜ் கையில் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறு அது. ஆடும் ஆண்களுக்கும் அதையே கட்டினார்கள். கட்டிய யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. யுவராஜ் மனைவியோடு பேசக் கூடாது. கோயிலிலேயே படுக்க வேண்டும். கம்பத்தைப் போல அவனுக்கும் நோன்பு முடியும்வரை மாப்பிள்ளை என்றுதான் பெயர்.

கம்பம் வெட்டிய அன்றே சரியில்லை. பாலை மரத்தில் பால் வடிவது வழக்கம்தான். நட்ட பிறகும் அது நிற்கவில்லை. பெண்கள் ஊற்றிய மஞ்சள் தண்ணீரை மீறி, கவை பிரியும் இடத்திலிருந்து வெள்ளையாக இறங்கிக்கொண்டேயிருந்தது. சித்திரை வெயில் காய வேண்டிய நாட்களில் மூடுபனி மலையை விட்டு விலகவில்லை. பம்பை அடித்தால் தோல் நனைந்து சத்தம் அமுங்கியது. ஆட வந்தவர்கள் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தார்கள். மேட்டில் பெய்த மழையில் மடு கலங்கி, காப்பிநிறமாகக் கிடந்தது. மாடுகள் அங்கே தண்ணீர் குடிக்க மறுத்தன.

கோயிலுக்குச் சோறு கொண்டுபோன தேன்மொழியிடம் யுவராஜ் ஒருநாள் கேட்டான்.

“அண்ணி, அண்ணன் எறங்கறதுக்கு முந்தி ஏதாச்சும் சொன்னானா?”

“ஏன் தம்பி?”

“கண்ண மூடுனா தண்ணிக்குள்ள நின்னுட்டு என்னையப் பாக்கறான். கூப்புடல. சும்மா பாக்கறான்.” அவன் சோற்றைத் தொடவில்லை. “யமுனாகிட்டச் சொல்லாதீங்க.”

அன்று அவள் பூசாரியிடம் போனாள். செங்கோடன் கெட்டவர் இல்லை. பூபதியின் உடலை வெளியே எடுத்தபோது அவரும் தண்ணீரில் இறங்கித் தோள் கொடுத்தவர்தான். வேப்பிலை கிள்ளிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஏனுங்க, மடுவுல கெடக்கற பழைய கம்பத்தையெல்லாம் முன்னாடியே எடுத்துப் போட்டுட்டா என்னங்க?”

“அதெப்படி முடியும் கண்ணு? ஆத்தாளுக்கு ஒப்படைச்சது. நாம தொடறதுக்கு இல்ல.”

“அப்ப தம்பி இடுப்புல ஒரு கவுறாச்சும் கட்டி எறக்குங்க. சிக்குனா இழுத்துக்கலாம்.”

அவர் முகம் சிவந்தது. “மாப்புள்ளைய கவுறு கட்டி இழுக்கறதுக்கு அவரென்ன கெடாவா? எந்த ஊர்லீங்க அப்படி வழக்கம்?”

“கையில கட்டியிருக்கீங்களே, அது என்னங்க? கவுறுதானுங்க. காக்கறதுக்குன்னுதான கட்டுனீங்க? போன வருசம் அவரு கையிலயும் கட்டுனீங்க. காக்குலீங்களே.”

செங்கோடனின் விரல்கள் வேப்பிலையைக் கிள்ளுவதை நிறுத்தியிருந்தன. அவருக்கும் பயமாக இருக்கிறது என்பதை அப்போதுதான் அவள் பார்த்தாள். அது அவளுக்குத் தைரியம் தரவில்லை. இன்னும் கலக்கத்தைத்தான் தந்தது.

கடைசி நாள் மாலை கம்பத்தைப் பிடுங்கினார்கள். நட்ட குழியில் தண்ணீர் ஊறியிருந்தது. அம்மனின் கழுத்திலிருந்து மஞ்சள் கயிற்றைக் கழற்றியபோது பெண்கள் அழுதார்கள். பிறகு எல்லோரும் ஓடைக்கு இறங்கினார்கள்.

தாலியறுத்தவள் அந்த வழியில் எதிரே வரக் கூடாது. தேன்மொழி மடுவின் கரையில் முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். மிளகுக் காட்டில் மரமேறக் கட்டும் கயிறு அவள் கையில் இருந்தது. அதை மஞ்சளில் முக்கியிருந்தாள். கையும் முழங்கை வரை மஞ்சளாக இருந்தது.

பம்பை நின்றது.

“இந்தப் பொம்பளைய யாரு உட்டது? தள்ளி நிக்கச் சொல்லுங்க!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது.

இரண்டு ஆண்கள் முன்னே வந்தார்கள். தேன்மொழி நகரவில்லை. “இதுவும் காப்புதானுங்க. கொஞ்சம் பெருசு, அவ்ளதான். கட்டாம அவர எறங்க உடமாட்டேன்” என்றாள்.

அத்தாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மருமகளை அறைந்துவிடுவாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அத்தாயி கயிற்றைப் பிடுங்கினாள். யாரையும் பார்க்காமல் நேராக மகனிடம் போய், மண்டியிட்டு, அவன் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். ஒரு முடிச்சு போதாமல் அதன்மேல் இன்னொன்று போட்டாள்.

“ஆத்தா கேட்டா நாந்தான் கட்டுனேன்னு சொல்றேன்,” என்றாள். “அவளும் பொம்பளதான.”

செங்கோடன் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார்.

யுவராஜ் கல் கட்டிய கம்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினான். தண்ணீர் அவன் தலைக்குமேல் மூடியது. கம்பத்தின் மூன்று நுனிகள் கடைசியாக உள்ளே போயின. கயிறு கரையில் நின்றவர்களின் கைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஓடியது. பிறகு நின்றது.

எல்லோரும் தண்ணீரையே பார்த்தார்கள். குமிழிகள் வந்தன. அவையும் நின்றன. யமுனா குழந்தையின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள்.

“இழுங்க,” என்றாள் தேன்மொழி.

“இன்னும் கொஞ்சம்...” என்றார் ஒருவர்.

“இழுங்கன்னு சொல்றேனில்ல!”

இழுத்தார்கள். கயிறு விறைத்து நின்றது, வரவில்லை. மறுமுனையில் யாரோ அதே பலத்தோடு பிடித்திருப்பதுபோல் இருந்தது. கயிறு பிடித்திருந்தவர்களில் ஒருவர் அலறி விட்டுவிட்டார். அந்த இடத்தில் தேன்மொழி பிடித்தாள். பெண்களும் வந்து பிடித்தார்கள். கடைசியில் செங்கோடனும் பிடித்தார். அடியில் ஏதோ மளுக்கென்று முறிந்த அதிர்வு கயிற்றின் வழியாக எல்லோர் கையிலும் ஏறியது.

யுவராஜ் மேலே வந்தான். கரையில் போட்டு முதுகில் தட்டியதும் கலங்கல் தண்ணீரைக் கக்கினான்; இருமினான்; மூச்சு வந்தது. அவன் கணுக்காலைச் சுற்றி ஆழமாகத் தோல் உரிந்திருந்தது. யமுனா ஓடிவந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பேசக் கூடாது என்பதை அவளுக்கு யாரும் நினைவுபடுத்தவில்லை.

அப்போதுதான் ஒருவர் மடுவைக் காட்டினார். கல்லைக் கட்டிய கயிறு அறுந்துபோய்க் கம்பம் மேலே மிதந்து வந்திருந்தது. மெதுவாகத் திரும்பி, தன் மூன்று கிளைகளையும் கரையில் நிற்பவர்கள் பக்கம் நீட்டியபடி நின்றது.

“திரும்பி வந்துட்டாரு,” என்றார் செங்கோடன். “இப்படி ஆனதே இல்லீங்க.” கம்பம் போகாமல் காப்பு அவிழ்க்க முடியாது. காப்பு அவிழ்க்காமல் ஊர் எல்லை திறக்காது. அவர் ஒரு பூவை எடுத்து மிதக்கும் கம்பத்தின் கவையில் வைத்து, உத்தரவு கேட்டார். பூ வலமும் விழவில்லை, இடமும் விழவில்லை. தண்ணீர் ஆடியது, கம்பம் ஆடியது. பூ மட்டும் ஆணியடித்ததுபோல் இருந்தது.

“மறுபடி எறக்கோணும்” என்று பின்னாலிருந்து ஒரு முனகல் எழுந்தது. பலர் கண்கள் யுவராஜ் பக்கம் திரும்பின.

அத்தாயி தண்ணீரில் இறங்கினாள். இடுப்பளவுக்குப் போய்க் கம்பத்தைத் தொட்டாள். தேன்மொழியும் இறங்கினாள். இரண்டு பேரும் அதை மடுவின் வாய்க்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே ஓடை பாறைகளுக்கிடையே புகுந்து, மலையை விட்டுக் கீழே விழுகிறது. யாரும் தடுக்கவில்லை. யாரும் உதவவுமில்லை.

“போயிட்டு வா சாமி,” என்றாள் அத்தாயி. பிறகு சட்டென்று திருத்திக்கொண்டாள். “வேண்டாம். போயிரு.”

ஓடை அதை வாங்கிக்கொண்டது. கீழே பாறையில் மோதும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

செங்கோடன் எல்லோருக்கும் காப்பை அவிழ்த்துவிட்டார். அம்மனுக்குச் சிவப்புச் சேலை சாத்தினார். மறுநாள் மஞ்சள் நீராட்டில் குழந்தைகள் மட்டும்தான் சிரித்தார்கள்.

யுவராஜ் பிழைத்துக்கொண்டான். ஆனால் நோன்பு முறையாக முடிந்ததாக ஊர் எடுத்துக்கொள்ளவில்லை. மலைச்சாலையில் பாறை உருண்டு பஸ் நின்றபோது, கிணற்று நீர் கலங்கியபோது, யாரோ ஒருவரின் கன்று செத்தபோது, பேச்சு நின்று பார்வைகள் அந்த வீட்டை நோக்கித் திரும்பின. யாரும் மண்ணைத் தூற்றவில்லை. எதற்காகவோ காத்திருந்தார்கள்.

தேன்மொழிக்கும் அந்தக் காத்திருப்பு தொற்றிக்கொண்டது. மழை இறங்கினால் எழுந்து உட்கார்ந்து ஓடையில் கட்டை மோதும் சத்தம் வருகிறதா என்று கேட்பாள். ஒருநாள் அத்தாயியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“தப்புப் பண்ணிட்டமா கண்ணு?”

உள்ளே குழந்தை அழுதது. யுவராஜ் தூக்கக் கலக்கத்தில் அதைத் தட்டிக்கொடுத்து, இராகமில்லாமல் ஏதோ முனகினான். அழுகை அடங்கியது.

“தெரியலீங்க அத்தை,” என்றாள் தேன்மொழி.

இருவரும் மழை விடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.