உதிர்ந்த சிவப்பு நூல்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று தெருவே சொல்லும். அப்படிப்பட்ட நான்தான் பதினோரு வயது மகளைப் பன்னிரண்டு நாள் தக்காளித் தோட்டத்து வேலைக்கு அனுப்பினேன். யாரும் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. நானே எழுப்பி, முகம் கழுவிவிட்டு, கூட்டிக்கொண்டு போனேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் தோட்டத்துத் தக்காளி சமையலுக்குப் போவதில்லை, விதைக்குப் போகிறது. சாயங்காலம் மொட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஆண் பாகத்தை இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். மறுநாள் காலையில் வேறு ரகத்துப் பூவின் மகரந்தத்தை அதில் தொட்டுவைத்து, காம்பில் ஒரு நூல் கட்ட வேண்டும். முதலாளிக்கு எப்போதும் ஒரே பாட்டு.

"உங்க விரலெல்லாம் தடிச்சுப்போச்சு. இது பிஞ்சு விரலுக்கான வேலை. பிள்ளைய அனுப்பு, உனக்கும் வேலை தர்றேன்."

ஏழு வீட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் வந்தார்கள். பெரிய பெண்களான நாங்கள் எவ்வளவு மந்தம் என்று காட்டுவதற்காகப் பிள்ளைகளுக்குச் சிவப்பு நூல், எங்களுக்கு மஞ்சள் நூல் என்று அவரே பிரித்துக் கொடுத்தார். 'பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இங்கே வேலை இல்லை' என்று விதைக் கம்பெனி அடித்துவைத்த பலகை வாசலில் தொங்கியது. பிள்ளைகள் சாப்பாட்டுப் பைகளை அதன் ஆணியில்தான் மாட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளித் தலைமையாசிரியை என்னைத் தெருவில் மறித்தார். என் மகளை வாலு என்றுதான் அவரும் கூப்பிடுவார்.

"திங்கக்கிழமை ஒன்பது மணிக்குப் பேர் கூப்பிடும்போது வாலு இல்லேன்னா அவ பேரை எடுத்துடுவாங்கம்மா. முடிஞ்சவரைக்கும் இழுத்துப் பாத்துட்டேன். இதுக்கு மேல என் கையில இல்ல."

ஞாயிற்றுக்கிழமை இதை முதலாளியிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இவ்வளவுதானா? நாளைக்குக் கம்பெனி மேடம் சோதனைக்கு வர்றாங்க, ஆனா பத்து மணிக்குத்தான். பிள்ளைங்க ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் வேலை பாத்துட்டு ஸ்கூலுக்கு ஓடட்டும். நான் சொன்னா சொன்னதுதான்." நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை மேடம் ஏழே முக்காலுக்கே வந்து நின்றார். முதலாளி பிள்ளைகள் ஏழு பேரையும் மோட்டார் அறைக்குள் தள்ளிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மேடத்துக்கோ அவசரமே இல்லை. வரிசை வரிசையாக நடந்தார், செடிக்குச் செடி நின்றார், நோட்டில் என்னவோ எழுதினார். எட்டரை மணி ஆயிற்று. அந்த அறைக்கு ஜன்னல்கூடக் கிடையாது. மேடத்தை நோக்கி ஓர் அடி வைத்தேன்.

பக்கத்தில் வேலை பார்த்த நெட்டை என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். ஆறடி உயரம் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

"வாயை மூடிட்டு இரு," என்று முணுமுணுத்தாள். "நீ காட்டிக் குடுத்தா கம்பெனி இந்தத் தோட்டத்தையே விட்டுட்டுப் போயிடும். இருபது வீட்டுல அடுப்பு எரியாது."

அவள் சொன்னதும் நியாயம்தான். அவள் மகனும் அந்த அறைக்குள் இருந்தான்.

குனிந்தேன். பக்கத்தில் பிள்ளைகளின் வரிசையில் தரையெல்லாம் சிவப்பு நூல். காம்போடு உதிர்ந்த பூக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு. எங்கள் வரிசையில் பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மஞ்சள் நூல் கிடந்தது. மற்றதெல்லாம் மேலே, செடியில், பிஞ்சுகளோடு கொத்துக்கொத்தாக இருந்தது. பன்னிரண்டு நாளாக இதை மிதித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறேன். கண் இருந்தும் குருடி நான்.

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தேன். பிள்ளைகளின் வரிசை ஒன்று, எங்கள் வரிசை ஒன்று, இரண்டின் கீழேயும் கிடந்ததைப் பொறுக்கி, நேரே போய் மேடத்தின் முன்னால் விரித்தேன்.

"இதைப் பாருங்க மேடம். ஒரு வரிசையில சிவப்பு அறுபத்தெட்டு விழுந்து கிடக்கு. பக்கத்து வரிசையில மஞ்சள் ஒன்பதுதான்."

"சிவப்பு யார் கட்டினது?"

முதலாளி ஓடி வந்தார். "அது புதுசா வந்த ஆளுங்க மேடம். இவளுக்கு ஒண்ணும் தெரியாது. போய் வேலையைப் பாரும்மா."

"புது ஆளுங்கதான்," என்றேன். "மோட்டார் ரூம்ல பூட்டி வச்சிருக்காரு. அதுல பெரியவனுக்கே பன்னெண்டு வயசுதான். ஒண்ணு நான் பெத்தது. நானேதான் கூட்டிட்டு வந்தேன், திட்டணும்னா என்னையும் சேத்துத் திட்டுங்க. ஆனா முதல்ல கதவைத் திறக்கச் சொல்லுங்க. ஒன்பது மணிக்கு அவ பேரைக் கூப்பிடுவாங்க."

மேடம் சாவிக்காகக் கையை நீட்டினார். முதலாளி இடுப்பைத் தடவினார், சுற்றும்முற்றும் பார்த்தார். "எங்க வச்சேன்னே தெரியலையே."

"சட்டைப் பையில பாருங்க," என்றாள் நெட்டை. என்னை வாயை மூடச் சொன்ன அதே மகராசிதான். அவளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

கதவு திறந்ததும் பிள்ளைகள் வியர்வையில் நனைந்து, கண் கூச வெளியே வந்தார்கள். மேடம் வாலுவின் முன்னால் உட்கார்ந்து, பூவை எப்படிப் பிடிப்பாய் என்று கேட்டார்.

"சீக்கிரம் சீக்கிரம்னு கத்துவாரு. அவசரத்துல அமுக்கிடுவேன். உள்ள மகரந்தம் தொட்டுவைக்கிற குச்சி ஒடிஞ்சிடும். சொன்னா திட்டுவாருன்னு நூலைக் கட்டிட்டுப் போயிடுவேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "பிஞ்சு விரல், பிஞ்சு விரல்னு எங்க காதுல பூ சுத்தினீங்களே முதலாளி," என்றேன். "சுத்தின பூவெல்லாம் தரையில கிடக்கு, பாத்துக்கோங்க."

எத்தனை பழம் போயிருக்கும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். தரையைவிட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை.

மேடம் எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "கம்பெனி இன்னைக்கே போயிடாது. ஆனா இந்த ஏழு பிள்ளைங்க இடத்துல இன்னையிலேர்ந்து ஏழு பெரியவங்க வேலை செய்யணும். வாராவாரம் சொல்லாம வருவேன். ஸ்கூலுக்கும் போய் வருகைப் பதிவேட்டைப் பாப்பேன். இன்னொரு தடவை ஒரு பிள்ளை இங்க நின்னா ஒப்பந்தம் ரத்து." முதலாளி தலையாட்டினார். மஞ்சள் நூல்காரிகள் எல்லாரும் நிமிர்ந்து நின்றோம்.

மணி எட்டு ஐம்பது. "ஓடுங்க," என்றேன். ஏழு பேரும் வரப்பில் ஓடினார்கள். நானும் ஓடினேன், எனக்கு முன்னால் நெட்டை நீளக் காலைப் போட்டு ஓடினாள். அது சின்னப் பள்ளிக்கூடம். எல்லாரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்துத்தான் பேர் கூப்பிடுவார்கள். மணி அடித்து முடித்திருந்தார்கள். நாங்கள் வாசலைத் தொடும்போது தலைமையாசிரியை வாலுவின் பேரைக் கூப்பிட்டுவிட்டு, பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"உள்ளேன் டீச்சர்," என்று வாசலிலிருந்தே கத்தினாள் என் மகள்.

தலைமையாசிரியை அவளுடைய சேற்றுக் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உள்ள வந்து சொல்லு," என்றார்.

உள்ளே போய்ச் சொன்னாள், இன்னும் சத்தமாக.