மூன்றாம் மாடிக்கு ஒரு லிஃப்ட்

ராஜம் மூன்றாம் மாடியை விட்டு இறங்கி ஏழு மாதம் ஆகிவிட்டது. இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஆபரேஷனை இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் மாடி வத்சலாதான் தினமும் காலையில் ஏறிப்போய் அவளோடு காபி குடித்துவிட்டு வருவாள். எழுபத்துமூன்று வயதில் அவளுக்கும் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"நீயும் படுத்துட்டா எனக்கு யாருடி?" என்பாள் ராஜம்.

டெல்லி மயூர் விஹாரின் அந்த பிளாக்கில் எட்டு வீடு. எட்டிலும் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள். சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கமாக இருந்தவர்கள் சேர்ந்து வீட்டுவசதி சொசைட்டி ஆரம்பித்து, ஒன்றாக மனை வாங்கி, ஒன்றாகக் குடிவந்தார்கள். பிள்ளைகள் குருகிராமுக்கும் பெங்களூருக்கும் டொரான்டோவுக்கும் போனபிறகு, ஒன்றாகவே கிழவர்களானார்கள்.

சென்சஸ் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் அட்டவணை போட்ட வத்சலாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. உழைக்கிற வயதில் இருக்கும் நூறு பேருக்கு, அவர்களை நம்பியிருக்கும் முதியவர்கள் எத்தனை பேர் என்று மாநிலம் மாநிலமாகக் கணக்கிட்டவள் அவள். இந்த பிளாக்குக்கு அந்தக் கணக்கே போட முடியாது. உழைக்கிற வயதில் ஒருவர்கூட இல்லை.

சரோஜினி நகரில் இதற்கு நேர் எதிர். அங்கே வயசானவர்களையே பார்க்க முடியாது. ஐம்பத்தெட்டில் ரிடையர் ஆனவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போவார்கள். மறு வாரமே கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வந்து இறங்கும். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, ராஜமும், இப்போது தரைத்தளத்தில் இருக்கும் தங்கமும், வத்சலாவும் பட்டாணி உரிப்பார்கள், ஸ்வெட்டர் பின்னுவார்கள். சுற்றி முப்பது பிள்ளைகள் போடுகிற கூச்சலில் பேச்சு கேட்காது. உலகமே அப்படித்தான், எப்போதும் முப்பது வயதிலேயே இருக்கும் என்று அன்றைக்குத் தோன்றியது.

இந்தக் கட்டடத்தின் வரைபடத்தைக் காட்டி, "லிஃப்டுக்கு இடம் விடலாமா?" என்று என்ஜினியர் கேட்டபோது எழுந்து பேசியவளும் வத்சலாதான். "நமக்கெல்லாம் நாப்பது வயசுகூட ஆகலே. லிஃப்ட் எதுக்கு? அந்த இடத்தையும் ரூமோட சேர்த்துடுங்கோ." எல்லாரும் கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் இப்போது அவளைக் குத்தியது. வெளிச்சுவரை ஒட்டி லிஃப்ட் வைக்கலாம் என்று தெரிந்ததும், வீடு வீடாகக் கையெழுத்து வாங்கக் கிளம்பினாள். ஏழு வீடும் சம்மதித்தன. தரைத்தளத்தில் தங்கத்தின் கணவர் ராஜவேல் மட்டும் மறுத்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க. லிஃப்ட் வந்தா எங்க பின்ரூம் சன்னலை மறைச்சுப்போடும். டிசம்பர் குளிர்ல தங்கம் வெயிலுக்கு உட்கார்ற எடம் அது ஒண்ணுதானுங்க. தரையில இருக்கிற எங்களுக்கு லிஃப்ட் எதுக்கு?"

நியாயமான பேச்சு. டெல்லியில் டிசம்பர் வெயிலின் அருமை யாருக்குத் தெரியாது? வத்சலா தாளை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இருங்கக்கா." உள்ளேயிருந்து வாக்கரைத் தள்ளிக்கொண்டு தங்கம் வந்தாள். மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள். போன வருஷம் இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து நடையே குறைந்துவிட்டது. "ராஜம் அக்காவைப் பார்த்து எத்தனை மாசமாச்சு தெரியுங்களா? அவுங்களால எறங்க முடியல, என்னால ஏற முடியல. ஒரே கட்டடத்துல இருந்துக்கிட்டு போன்ல பேசறோம்."

"வெயிலு?" என்றார் ராஜவேல்.

"வெயிலு வாசல்லயும் அடிக்குது. நாற்காலியை அங்க போடுங்க." தங்கம் வத்சலாவிடம் கை நீட்டினாள். "சொசைட்டியில மெம்பர் நானு. கையெழுத்து நாந்தான் போடோணும். பேனா குடுங்கக்கா."

ராஜவேல் தானே மூக்குக்கண்ணாடியை எடுத்துவந்து மனைவியிடம் கொடுத்தார்.

அனுமதி, குழி தோண்டல், தூசி என்று ஒரு வருஷம் இழுத்து, ஹோலி முடிந்த வாரம் லிஃப்ட் ஓடியது. முதலில் யார் போவது என்ற பேச்சே எழவில்லை. தங்கத்தை வாக்கரோடு ஏற்றிக்கொண்டு வத்சலா மூன்றாம் மாடிப் பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்தபோது, ராஜம் புடவை மாற்றி, பூ வைத்துக்கொண்டு, கணவர் பூவராகவனின் தோளைப் பிடித்தபடி எதிரிலேயே நின்றாள்.

"என்னடி இப்படி இளைச்சுப் போயிட்டே!"

"நீங்க மட்டும் என்னவாமுங்க, தலை பூரா வெளுத்துப் போச்சு!"

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், அழுதுகொண்டே சிரித்தார்கள். வத்சலா காபி கலக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டாள். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் தான் எழுந்து நின்று பேசியதை அவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். காபியோடு வந்து சொன்னதும் ராஜம் கடகடவென்று சிரித்தாள். "அன்னிக்கு எல்லாரையும்விட பலமா கை தட்டினது நான்தாண்டி."

பதினோரு மணிக்கு ராஜத்தைக் கீழே அழைத்து வந்து வாசலில் உட்கார வைத்தார்கள். பங்குனி வெயில் இதமாக இருந்தது. தள்ளுவண்டியில் காய்கறி கொண்டுவந்தவர் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, புதிதாகக் குடிவந்திருக்கிறீர்களா, மாதாஜி என்று ஹிந்தியில் கேட்டார்.

"ஆமாம் தம்பி," என்றாள் ராஜம் ஹிந்தியிலேயே, பட்டாணியைக் கை நிறைய அள்ளிப் பார்த்தபடி. "இன்னிக்குத்தான் வந்தேன்."