செல்வியின் பேரில் ஒரு வேண்டுதல்

பானுப்ரியா பொய் சொல்லிப் பழகியவள் அல்ல. அதனால்தான் அவள் சொன்ன பொய் அவ்வளவு பெரியதாக வந்துவிட்டது. பழகியவர்கள் சின்னதாக ஒன்றைச் சொல்லி, காரியத்தை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

முத்தையாபுரத்தில் அவள் கணவன் மகாராஜனுக்கு மளிகைக்கடை. காலையில் கல்லாவில் உட்காருவது பானுப்ரியாதான். முப்பத்தெட்டு வயதில் சர்க்கரை எட்டிப் பார்த்தது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். துறைமுக ரோட்டில் லாரிகள் கிளம்புவதற்கு முன் நடந்தாள். நடை வேகநடை ஆனது, வேகநடை ஒருநாள் அவளைக் கேட்காமலே ஓட்டமாகிவிட்டது. ஓடி முடித்து மூச்சு வாங்கியபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தனக்கென்று வந்த முதல் சிரிப்பு அதுதான் என்று அவளே நினைத்துக்கொண்டாள்.

ஊரில் ஓடுகிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. ஆழ்வார்திருநகரிக்காரரான சம்பத்குமார் அதற்குப் பெரிய தலை. வங்கியில் மேலாளர். அவர்தான் அந்த அறிவிப்பைப் போட்டார். தை கடைசியில், குமரிப் பக்கம், கடலோரக் குன்றுகளில் ஏறி இறங்கும் மண்பாதையில் மாரத்தான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். பானுப்ரியா இரண்டு நாள் தூங்காமல் கிடந்து மூன்றாம் நாள் பெயர் கொடுத்தாள்.

"பேர் குடுத்தது சரிம்மா. ஏத்தத்துல எங்க ஓடிப் பழகப் போறீங்க? நம்ம ஊரு தோசைக்கல்லு மாதிரில்லா கிடக்கு" என்றார் சம்பத்குமார். "திருச்செந்தூர் போயிருங்க. ஆலந்தலைக் கடற்கரையோட ஓடி, மேற்க திரும்பித் தேரிக்காட்டுல ஏறுங்க. அந்தச் செம்மண் மேட்டுல ஏறிட்டா எந்த மலையும் ஏறலாம்."

அதற்கு ஞாயிற்றுக்கிழமை பாதி நாள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையோ கடைக்கு விடுமுறை. மீன் வாங்கி, கழுவி, அரைத்து, எல்லோருக்கும் ஆக்கிப் போடும் நாள். சர்க்கரைக்காக நடப்பதை மாமியார் சண்முகத்தாய் பொறுத்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் பொண்டாட்டி கால்சட்டை மாட்டிக்கொண்டு போட்டிக்கு ஓடுகிறாள் என்று தெரிந்தால் வீடு இரண்டுபடும்.

"ஏளா பானு, ஞாயித்துக்கிழமை காலம்பற எங்கன போறதுக்குப் பையெல்லாம் எடுத்து வைக்க?" என்று அடுப்படியில் வந்து நின்றாள் சண்முகத்தாய்.

"திருச்செந்தூருக்கு அத்தே. ஒரு நேத்திக்கடன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "யாருக்கு?" என்று மாமியார் கேட்டாள். பக்கத்தில் மிக்சியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள் முத்துச்செல்வி. மகாராஜனின் தம்பி ஜெயகணேஷின் மனைவி. எட்டு வருஷமாகப் பிள்ளை இல்லை. பானுப்ரியாவின் கண் அவள்மேல் விழுந்தது, நாக்கும் அங்கேயே விழுந்தது.

"செல்விக்குத்தான். ஒரு பிள்ளை பொறக்கணும்னு, தை முடிய ஞாயித்துக்கிழமை தோறும் கோயில்ல கும்பிட்டுட்டு, அங்கேருந்து மண்ணுல நடக்கேன்னு நேந்திருக்கேன்."

"முருகனுக்குச் செவ்வாக்கிழமைல்லா?"

"செவ்வாக்கிழமை கடை உண்டே அத்தே."

கடை என்றதும் சண்முகத்தாய் ஒத்துக்கொண்டாள். அந்த வீட்டில் கடைக்கு முன்னால் முருகனும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மிக்சி நின்றுவிட்டது. செல்வி தேங்காய்க் கையோடு வந்து பானுப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். 'சும்மா சொன்னேன் செல்வி' என்று அந்த அழுகைக்கு முன்னால் எந்த வாயால் சொல்வது?

முதல் ஞாயிறு கோயிலுக்குள் போனாள். இரண்டாம் ஞாயிறு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். மூன்றாவதிலிருந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே கடற்கரைதான். கோயில் வாசலில் பூ விற்கும் செல்லக்கனி அவளுக்காக இலை விபூதி வாங்கி வைத்திருப்பாள். பன்னீர் இலையில் மடித்த அந்த விபூதி வீடு வந்து சேர்ந்தால் போதும், யாரும் வேறு எதுவும் கேட்கப்போவதில்லை.

ஓட்டம் கூடி வந்தது. தேரியில் ஓரடி வைத்தால் அரையடி கீழே இழுக்கும். முதலில் நின்று நின்று ஏறியவள், கார்த்திகை மழை ஓய்ந்தபோது நிற்காமல் ஏறினாள். மேட்டு உச்சியில் நின்றால் பனைகளுக்கு அப்பால் கடல் தெரியும். அந்த இடத்தில் அவளுக்குச் செல்வியின் ஞாபகம் வராது. உண்மையைச் சொன்னால், யாருடைய ஞாபகமும் வராது. அதுதான் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஞாபகம் வரும். அடுப்படி வேலை முழுக்கச் செல்வி முடித்து வைத்திருப்பாள். பானுப்ரியாவின் செம்மண் படிந்த துணியை வாஷிங்மெஷினில் போட விடமாட்டாள்.

"முருகனுக்காக நடந்த மண்ணுக்கா. கையால அலசுதேன்" என்பாள்.

அதைவிடப் பெரிய கொடுமை சாப்பாட்டில் இருந்தது. ஒருத்தருக்காக இன்னொருத்தர் நேர்ந்துகொண்டால், யாருக்காக நேர்ந்தார்களோ அவர் சும்மா இருக்கக்கூடாது, அவரும் விரதம் பிடிக்க வேண்டும் என்பது சண்முகத்தாய் பக்கத்து வழக்கம். செல்வி மீனை விட்டாள், கறியை விட்டாள், மெத்தையை விட்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சீலாமீன் குழம்பு மணக்க மணக்க எல்லோரும் சாப்பிடும்போது அவள் ஓரமாக உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிடுவாள். ஓடிவந்த பசியில் பானுப்ரியா இரண்டு துண்டு மீன் கூடுதலாகத் தின்பாள். தின்றுவிட்டு, தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

மகாராஜனுக்கு எல்லாம் தெரியும். "நீயா இழுத்துவிட்டது, நீயே பாத்துக்கோ" என்று சிரித்தான். சிரிப்பில் சேர்ந்துகொள்ள அவளால் முடியவில்லை.

மார்கழியில் ஒருநாள் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது, ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டாள்.

"திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு எப்பம் போகணும்? பிள்ளைக்கான ஊசிய கார்த்திகையிலயே தொடங்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்லா?"

"அதை நிப்பாட்டிட்டேங்கா" என்றாள் செல்வி. முகத்தில் அவ்வளவு தெளிவு. "நீங்க எனக்காக வெயில்லயும் மழையிலயும் நடக்கிய. நான் ஒரு பக்கம் ஊசி போட்டுக்கிட்டா, சாமிமேல நம்பிக்கை இல்லாத மாதிரி ஆயிராதா? அவுகளும் சரின்னுட்டாவ. தை முடியட்டும்."

பானுப்ரியா எடுத்த சேலையை மறுபடி கொடியிலேயே போட்டாள். இனியும் தள்ளிப்போட வயசு இடம் கொடுக்காது என்று அந்த டாக்டரம்மா சொன்னபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவளே அவள்தான். செல்விக்கு முப்பத்தாறு. ஒவ்வொரு மாதமும் கணக்கில் கழிகிற மாதம்.

அன்றைக்கே சொல்வதென்று இறங்கி வந்தாள். சொல்லவில்லை. சொன்னால் வீடு கொதிக்கும், ஞாயிற்றுக்கிழமை போய்விடும், மாரத்தான் போய்விடும். ஓடி முடித்துவிட்டுச் சொல்லிவிடலாம், ஒரு மாதந்தானே என்று மனசு பேரம் பேசியது. அந்த ஒரு மாதம் யாருடையது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் எடுத்துக்கொண்டாள். அப்புறம் தேரியில் ஏறும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு கல் கூடவே ஏறியது. ஆனாலும் ஏறினாள், அதுதான் வெட்கம்.

மாரத்தானுக்கு முந்தைய ஞாயிறு, விடியும் முன்பே செல்வி குளித்து மஞ்சள் சேலை கட்டி வாசலில் நின்றாள்.

"தை முடியப் போகுதுல்லாக்கா. நானும் வாரேன். நீங்க நடந்த வழியில ஒருநாளாவது நடக்கணும்."

வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடினாள், கிடைக்கவில்லை. பஸ்ஸில் திருச்செந்தூர் போய், செல்வி கண்ணீரோடு தரிசனம் முடித்து வெளியே வந்து, "எந்த வழிக்கா?" என்றாள். எந்த வழியைக் காட்டுவது? பானுப்ரியாவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கடற்கரையோரமாகத் தெற்கே கூட்டிக்கொண்டு போனாள்.

அந்தப் படகு தாண்டியதும் சொல்லிவிடுகிறேன் என்று நினைத்தாள். படகு தாண்டியது. அந்தப் பாறை வரட்டும் என்றாள். பாறையும் வந்து போனது. செல்வி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வாய்க்குள் முருகன் பேரைச் சொல்லியபடி வந்தாள். ஆலந்தலை மாதா கோயில் கண்ணுக்குத் தெரிந்தபோது, மணலில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்த ஜேசுபாதம் தலை நிமிர்ந்தான். வாராவாரம் அவள் ஓடுவதைப் பார்த்து, எதற்கென்று கேட்டும் தெரிந்துகொண்டவன்.

"ஏ ஓட்டக்காரக்கா! என்ன, இன்னைக்கு நடந்து வாரிய? எப்பவும் பிசாசு விரட்டுன மாதிரில்லா போவிய! பந்தயம் அடுத்த ஞாயித்துக்கிழமைதான?"

நல்ல மனசுக்காரன். கையை வேறு ஆட்டினான். தானாகச் சொன்னோம் என்கிற பெருமைகூட பானுப்ரியாவுக்கு மிஞ்சவில்லை.

செல்வி நின்றுவிட்டாள். "என்ன பந்தயம்?"

பானுப்ரியா சொன்னாள். சர்க்கரையிலிருந்து தொடங்கி, குரூப், குமரி, தேரி, அடுப்படியில் நாக்கு விழுந்த இடம், செல்லக்கனி வாங்கி வைத்த விபூதி என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது. மார்கழியில் மாடியில் கேட்ட பிறகும் சொல்லாமல் இருந்ததை மட்டும் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். பிறகு அதையும் சொன்னாள்.

செல்வி கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

"ஒரு நாளாவது எனக்காகக் கும்பிட்டியளாக்கா?"

இதற்கு ஒரு சின்னப் பொய் போதும். ஆமா என்று ஒரு சொல், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கு அது ஆறுதலாகக்கூட இருக்கும்.

"மொத வாரம் உள்ள போனேன்" என்றாள் பானுப்ரியா. "முழங்கால் வலிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். அவ்வளவுதான் செல்வி."

செல்வி தலையை ஆட்டினாள். செருப்பை மணலில் போட்டு மாட்டிக்கொண்டு வந்த வழியே நடந்தாள். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். முத்தையாபுரம் வரும் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் சண்முகத்தாய் நின்றாள். "நல்லபடியா முடிஞ்சுதா?"

செல்வி ஒதுங்கி நின்று பானுப்ரியாவுக்கு வழிவிட்டாள். பானுப்ரியா அங்கேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல், மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டாம் தடவை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சவத்து மூதி! சாமி பேரச் சொல்லியா ஏமாத்துவ? பிள்ளையில்லாதவ வயித்துல அடிச்சிட்டியே!" என்று சண்முகத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். தெருவில் இரண்டு கதவுகள் திறந்தன. "இனிமே வீட்டு வாசல தாண்டிப் பாரு, காலை முறிச்சுப் போடுதேன். என்ன ஓட்டம் வேண்டிக்கிடக்கு ஒனக்கு!"

பானுப்ரியாவுக்கு அந்த ஏச்சு இதமாக இருந்தது. தண்டனை என்று ஒன்று கிடைத்துவிட்டால் பாரம் கொஞ்சம் இறங்குமே. "போகல அத்தே" என்றாள். "செல்விக்குச் செஞ்ச பாவத்துக்கு அந்த ஓட்டத்தையே விட்டுட்டேன். இனி ஓடவே மாட்டேன்."

"அதெல்லாம் வேண்டாம்."

செல்விதான். குரல் ஏறவே இல்லை.

"எனக்காகன்னு சொல்லி ஓடுனிய. இப்பம் எனக்காகன்னு சொல்லி விடுதிய. ரெண்டும் எனக்கு வேண்டாம். நீங்க ஓடுங்க, இல்ல வீட்ல கிடங்க, அது உங்க பாடு. என் பேரைச் சொல்லி இனிமே ஒண்ணும் செய்யாதிய."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், மறுநாள் திருநெல்வேலிக்குப் போவதைப் பற்றி அவள் கணவனோடு போனில் பேசுவது கேட்டது. அண்ணி கூட வருகிறாளா என்று அவன் கேட்டிருக்க வேண்டும். "இல்ல, நாம ரெண்டு பேரும் போதும்" என்றாள்.

அந்த வாரம் முழுவதும் மாமியார் பேசவில்லை. செல்வி பேசினாள். உப்பு எங்கே, கேஸ் வந்துவிட்டதா என்று தேவைக்கு மட்டும் பேசினாள். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று அவள் சொல்லவில்லை, பானுப்ரியாவும் கேட்கவில்லை. சனிக்கிழமை மாலை மகாராஜன் காரை எடுத்தான். போகவா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தவள், யாரும் போகச் சொல்லாமல், யாரும் தடுக்காமல், தானாகவே போய் ஏறி உட்கார்ந்தாள்.

குமரிக் கடலோரம் ஒரு பக்கம் பாறையும் ஒரு பக்கம் அலையுமாக இருந்தது. பாதித் தூரம் நன்றாகவே ஓடினாள். தேரி கற்றுக்கொடுத்த கால் ஏமாற்றவில்லை. மூன்றாவது குன்று செங்குத்தாக எழுந்தது. பாதி ஏற்றத்தில் தொடை பிடித்து இழுத்தது. குனிந்து முழங்காலில் கையூன்றி நின்றாள். அவளை அறியாமல் வாயில் "முருகா" என்று வந்தது, அதன் பின்னாலேயே செல்வியின் பெயரும் வந்தது. அந்தப் பிள்ளைக்கு ஒரு குழந்தையைக் கொடு. முதல்முறையாக, நெஞ்சார, வேறு எந்த எண்ணமும் கலக்காமல் வந்த வேண்டுதல் அது.

என் பேரைச் சொல்லி இனிமே ஒண்ணும் செய்யாதிய.

வாய்வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. பின்னால் வந்த ஒரு பெண் தோளைத் தொட்டு, "வலிக்குதாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு பானுப்ரியா மறுபடி ஏறத் தொடங்கினாள்.