சூடம் அணைத்த வீடுகள்

எத்திராஜ் தன் புகாரைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. ஒரு மாதமாகக் கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகிக் கிடந்தது. ராயபுரம் கரிக்கிடங்குத் தொழிலாளர் சங்கத்துக்கு மூன்று வருஷமாக அவன்தான் காரியதரிசி. நாளைக்கு மறுபடியும் தேர்தல். எதிர்த்து நிற்கிறவன் அருள்நாதன், அதே கிடங்கில் அவனோடு ஒன்றாகக் கரி அள்ளியவன். சனிக்கிழமை சாயங்காலச் சங்கு ஊதினதோடு ஓட்டுக் கேட்பதை நிறுத்திவிட வேண்டும், கள் வாங்கித் தரக் கூடாது, மேஸ்திரியை வைத்து மிரட்டக் கூடாது, சாமி பேரில் சத்தியம் வாங்கக் கூடாது என்று சங்கத்தில் விதி இருந்தது. போன தேர்தலில் இரண்டு பக்கமும் மண்டைகள் உடைந்த பிறகு எத்திராஜே முன்னின்று போடவைத்த விதிகள். அருள்நாதனின் ஆட்கள் தண்டையார்பேட்டைக் கள்ளுக்கடையில் மொந்தை மொந்தையாக ஊற்றிக் கொடுத்தார்கள் என்பதுதான் இப்போது அவனுடைய புகார்.

கேட்க வந்திருந்தவர் தபாலாபீஸ் ரகுபதி. இரண்டு பக்கத்துக்கும் வேண்டாதவர் என்பதால் இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட ஆள். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போன கடுப்பு அவர் முகத்தில் அப்படியே இருந்தது. சங்கக் கொட்டகையில் ஆண்களும் பெண்களுமாக நிற்கக்கூட இடமில்லை. மூலையில் இரண்டு மண்ணெண்ணெய் டின்கள், ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. போன வருஷம் சட்டசபைத் தேர்தலில் பெட்டிக்கு நிறம் பூசி வைத்ததைப் பார்த்து இவர்களும் பூசியிருந்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அது சௌகரியம். மஞ்சள் எத்திராஜுக்கு, சிவப்பு அருள்நாதனுக்கு.

"ஊத்துனது நெசம்தான்" என்றான் அருள்நாதன், எழுந்திருக்காமலே. "நான் ஊத்தல. என் தோஸ்துங்க ஊத்தினானுங்க. எனக்குத் தெரியாது. குடிச்சவன் அத்தினி பேரும் எனக்குத்தான் போடுவான்னு எங்க எழுதி வச்சுகீது?"

கொட்டகை சிரித்தது. எத்திராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனி கிரேன் கொண்டுவரப் போகிறது. கரையிலிருந்து கூடை கூடையாகத் தலையில் கரி சுமந்து, பலகையேறிப் படகில் கொட்டுகிற பெண்கள் அத்தனை பேருக்கும் அதோடு வேலை போய்விடும். கிரேன் வரட்டும், பெண்களை வேறு வேலையில் வை என்று எத்திராஜ் கம்பெனித் துரையோடு பேசிக்கொண்டிருந்தான். பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது, இந்த வாரம் மீதிப் பேச்சு. அருள்நாதனோ, வருகிற மிஷினை யாராலும் தடுக்க முடியாது, போகிறவர்களுக்குக் கையில் ஏதாவது வாங்கிக் கொடுத்துவிட்டு ஆண்கள் வேலையையாவது காப்பாற்றிக்கொள்வோம் என்கிறவன். அவனும் கெட்ட எண்ணத்தில் அப்படிச் சொல்லவில்லை என்பது எத்திராஜுக்குத் தெரியும். அதனால்தான் அவனோடு சண்டை போடுவது இன்னும் அலுப்பாக இருந்தது.

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து கன்னியம்மா எழுந்தாள். கூடைக்காரிகளில் வாய் அதிகமில்லாதவள். இடுப்பில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"கள்ளு குடிச்சவன் வுடியறதுக்குள்ள மூத்திரமா வுட்டுட்டுப் போயிட்டான். அத்தப் போயி பெருசாப் பேசிகினு கீறீங்க. நான் இன்னா பண்றது? எத்திராஜண்ணே, உன் மச்சான் எங்க வூட்டாண்ட வந்து, இந்தப் புள்ளய முன்னால உக்காரவச்சி, சூடத்த ஏத்தி என் கையால அணைக்கச் சொல்லி சத்தியம் வாங்கினு போனான். உனக்குத்தான் போடணுமாம். போடலன்னா புள்ளைக்கு ஆவாதாம்."

கொட்டகையில் சிரிப்பு நின்றுபோயிற்று.

"நான் உனக்குத்தான் போடலாம்னு இருந்தேன். இப்ப போட்டா புள்ளைக்குப் பயந்து போட்ட மாதிரி ஆயிடுது. எனக்கு மனசே சரியில்ல."

எத்திராஜ் திரும்பிப் பார்த்தான். அவன் பெண்சாதி குணசுந்தரியின் தம்பி ஜெயவேல் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தவன், வெளியே நழுவலாமா வேண்டாமா என்று ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தான்.

"எத்தினி வூட்ல வாங்கினடா?"

"கூடைக்காரிங்க வூடு பூராத்துலயும்தான்" என்றான் ஜெயவேல். பிறகு ரோஷம் வந்துவிட்டது. "இன்னா மாமு, ஜெயிக்கணுமா வேணாவா? அவன் கள்ளு ஊத்தறான், நாம வாயில வெரல வச்சிகினு குந்திகினு இருக்கறதா?"

விசாரிக்க விசாரிக்க எல்லாம் வந்தது. சூடம் கொளுத்துகிற வீட்டில் சூடம். புளியந்தோப்பு அப்பாவு புத்தர் வழிக்காரர், அவர் வீட்டில் சூடம் எடுபடாது என்று பெண்சாதியைச் சோற்றுப் பானைமேல் கை வைக்கச் சொல்லியிருக்கிறான். ரசூல் பீவி வீட்டில் தொழுகிற திசையைப் பார்த்து நிற்கவைத்திருக்கிறான். இத்தனை பொறுப்பாக அவன் ஒரு நாள்கூட வேலைக்குப் போனதில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்ததே என்று எத்திராஜுக்குத் தலை சுற்றியது. எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தான். சற்று முன்பு அருள்நாதன் சொன்னதும் அதேதான் என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டான்.

வெட்கக்கேடு ஒரு பக்கம் இருக்க, மனசின் அடியில் ஒரு கணக்கும் ஓடியது, அதை அவனால் நிறுத்த முடியவில்லை. இப்படியே விட்டுவிட்டால் மஞ்சள் டின் நிறைந்துவிடும். யாருக்காக? இந்தப் பெண்களுக்காகத்தானே. அவர்களைக் காப்பாற்ற அவர்கள் பிள்ளைகள்மேலேயே சத்தியம். சீ என்றிருந்தது. அங்கேயே தரையில் துண்டை விரித்துப் படுத்துவிடலாம் போலவும் இருந்தது.

"தேர்தலைத் தள்ளி வைத்துவிடட்டுமா?" என்று கேட்டார் ரகுபதி.

"வேணாங்க" என்றான் எத்திராஜ். அவன் பதவிக்காலம் நாளையோடு முடிகிறது, காரியதரிசி இல்லாத சங்கத்தோடு துரை பேச மாட்டான். இந்த வாரம் போனால் கிரேன்தான்.

"சத்தியத்தத் திருப்பிக் குடுத்துட்டா போச்சி" என்றாள் கன்னியம்மா. "யாருக்கோசரம் வாங்கினாங்களோ அந்த ஆளே வூட்டு வாசலுக்கு வரணும். ஒரு சூடம் ஏத்தி, உன் சத்தியம் உன்னோடன்னு சொல்லணும். அத்த அணைக்கக் கூடாது. தானா எரிஞ்சி முடியற வரைக்கும் நிக்கணும். அவ்ளோதான்."

பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அருள்நாதன் இப்போது எழுந்துகொண்டான்.

"அதெப்டி? ஓட்டுக் கேக்கறது நேத்தோட முடிஞ்சிபோச்சி. இன்னிக்கு வூடு வூடாப் போயி நின்னான்னா அது ஓட்டுக் கேக்கறது இல்லாம இன்னா? இவன் போட்ட விதிதானே?"

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. கூச்சல் எழுந்தது, ஒருவன் சட்டையை இன்னொருவன் பிடித்தான். ரகுபதி மேஜையைத் தட்டித் தட்டி ஓய்ந்து, கடைசியில் ஒரு முடிவு சொன்னார். எத்திராஜ் போகலாம். அருள்நாதனும் கூடவே போக வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர எத்திராஜ் வாயிலிருந்து வேறு ஒரு சொல் வந்தாலும் மஞ்சள் டின்னை எடுத்துத் தெருவில் வீசிவிடுவேன் என்றார். அருள்நாதனும் வாய் திறக்கக் கூடாது.

உச்சி வெயிலில் இருவரும் புறப்பட்டார்கள். எத்திராஜ் கையில் சூடப் பொட்டலமும் தீப்பெட்டியும். முதல் வீட்டிலேயே கடல்காற்று குச்சியை அணைத்து அணைத்துப் போட்டது. அருள்நாதன் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான். பிறகு தன் துண்டை விரித்துக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு வாசலிலும் அப்படியே பிடித்தான்.

கஷ்டம் நாலாவது ஐந்தாவது வீட்டில்தான் எத்திராஜுக்கு உறைத்தது. பூவம்மா என்ற கூடைக்காரி, சூடம் எரிந்து முடிகிறவரை கைகட்டி நின்றுவிட்டு, "அப்ப என் ஓட்டு உனக்கு வேணாங்கறியா?" என்றாள். எத்திராஜ் தலையை ஆட்டினான். ஆட்டினது ஆமாமா இல்லையா என்று அவளுக்கும் புரியவில்லை. அவள் முகம் சுண்டிப்போயிற்று. அடுத்த வீட்டில், "எதிராளியையும் இஸ்துகினு வந்துகீறியே, ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டீங்களா?" என்று கேட்டார்கள். பெண்கள் வேலைக்கு வழி பிறக்காது என்று தெரிந்து எத்திராஜ் கழன்றுகொள்கிறான், அருள்நாதனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டான் என்று பேச்சு அவர்களுக்கு முன்னால் சந்து சந்தாக ஓடியது. போகிற வாசலிலெல்லாம் அது அவர்களுக்காக உட்கார்ந்திருந்தது. அப்பாவு ஒருவர்தான் சிரித்தார். "சோத்துப் பான என்னாத்தக் கண்டுச்சி? எம் பொஞ்சாதி அவ நெனச்சதுக்குத்தான் போடுவா, போ நைனா" என்று மோர் கொடுத்தார்.

வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். நான் விலகவில்லை, துரையோடு பேச்சு பாதி முடிந்துவிட்டது என்று சொன்னால் போதும். சொல்லக் கூடாது. எத்திராஜுக்கு ஆத்திரம் அருள்நாதன்மேல் வரவில்லை, ரகுபதிமேலும் வரவில்லை, அந்த விதிகளை முன்னின்று போடவைத்த தன்மேலேயே வந்தது. பிறகு அதுவும் அடங்கிக் கால்வலி மட்டும் மிஞ்சியது.

"பீடி கீதா?" என்றான் அருள்நாதன் ஒரு சந்து முனையில். வழியில் பேசினால் விதி ஒன்றும் செய்யாது. எத்திராஜ் கொடுத்தான். இருவரும் ஒரு குச்சியில் பற்றவைத்துக்கொண்டார்கள்.

"உன்ன தப்பா நெனச்சிகினு கீதுங்கடா அதுங்க" என்றான் அருள்நாதன்.

"தெரியும்."

"நான் சொல்லியிருக்கலாம். நானும் வாயத் தொறக்கக் கூடாதுன்ட்டாரு." கொஞ்சம் இருமினான். "தொறக்கச் சொல்லியிருந்தாலும் தொறந்திருப்பனான்னு தெரில. பொய் சொல்லக் கூடாது, எனக்கும் ஜெயிக்கணும்னுதான் கீது."

வெயில் தாழ்ந்தபோது மிஞ்சியிருந்தது கன்னியம்மாவின் குடிசை மட்டும். அவள் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, ஒரு வெற்றிலையை எடுத்துவைத்துக் காத்திருந்தாள். வழியில் ஓடிய பேச்சு அவளுக்கும் வந்திருந்தது. எத்திராஜ் வெற்றிலைமேல் சூடத்தை வைத்து ஏற்றினான். அருள்நாதன் துண்டைப் பிடித்தான்.

"உன் சத்தியம் உன்னோட" என்றான் எத்திராஜ். குரல் பாதிதான் வந்தது.

சூடம் எரிந்து வெற்றிலையின் நடுவைக் கருக்கிவிட்டு முடிந்தது. கன்னியம்மா பெருமூச்சு விட்டாள். அவள் முகத்தில் பாரம் இறங்கியது நன்றாகத் தெரிந்தது. எத்திராஜ் திரும்பி நடக்கப் பார்த்தான்.

"இருண்ணே" என்றாள் அவள். "இப்ப எனக்கு பயமில்ல. எந்த சத்தியமும் என்னப் புடிச்சி இஸ்துகினு போவல. அதனால கேக்கறேன். நீ நிக்கறியா, வுட்டுட்டியா? எங்க வேல நிக்குமா? உன் வாயால ஒரு வார்த்த சொல்லு. நாளைக்கு எங்காளுங்க எல்லாம் என்னத்தான் கேப்பாங்க, நான் இன்னா சொல்லட்டும்?"

எத்திராஜ் அருள்நாதனைப் பார்த்தான். அருள்நாதன் தரையைப் பார்த்தான். துண்டை மெதுவாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"எனக்குத் தாகமா கீது. கொழாயாண்ட போயி தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்றான். தெருக்குழாய் சந்தின் அந்தக் கோடியில் இருந்தது. அவன் அவசரமில்லாமல் நடந்தான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவுரு போயிட்டாரு" என்றாள் கன்னியம்மா. "இப்பனா சொல்லு."

இப்போது எத்திராஜ் பேசினாலும் ரகுபதியிடம் போய்ச் சொல்ல ஆளில்லை, விதியைக் காப்பதோ உடைப்பதோ அவன் ஒருவன் கையில் இருந்தது. அங்கே குழாயடியில் அருள்நாதன் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான், அத்தனை தண்ணீர் ஒரு மனிதனால் குடிக்க முடியாது. எதிர்க் குடிசையின் தட்டியை விலக்கிக்கொண்டு ஒருத்தி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் பூவம்மாவும் வந்து நின்றாள். கன்னியம்மா பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அவன் வாயையே பார்த்தபடி நின்றிருந்தாள்.