ஆறாம் எஞ்சினில் வெள்ளைத்துரை

1943 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை. தியாகராய நகரில், பனகல் பூங்காவுக்கு மேற்கே ஒரு தகரக் கொட்டகையில் மோட்டார் மெக்கானிக் சான்றிதழுக்கான செய்முறைத் தேர்வு நடந்தது.

ஆறாம் எஞ்சின் முன்னால் நின்றவன் தன் பெயர் வெள்ளைத்துரை என்று சொல்லியிருந்தான். அவன் பெயர் பவுல்சாமி.

உண்மையான வெள்ளைத்துரை, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு பூங்காவில் உட்கார்ந்திருந்தான். இருவருக்கும் ஒரே ஷெட்டில் வேலை. பெட்ரோல் ரேஷன் வந்தபிறகு கார்களுக்குக் கரிவாயு அடுப்பு பொருத்துகிற ஷெட் அது. போன மாதம் ஒரு காருக்குப் பொறி விழுகிற டைமிங் வைத்துவிட்டு, "அடி மச்சி ஹேண்டிலை" என்று சொன்னவன் பவுல்சாமிதான். நெருப்பு முந்திப் பிடித்தது. எஞ்சினைச் சுழற்றுகிற ஹேண்டில் திரும்பி அடித்ததில் வெள்ளைத்துரையின் மணிக்கட்டு முறிந்தது. ஒரு பஸ் கம்பெனியில் ஃபிட்டர் வேலை அவனுக்கென்று சொல்லி வைத்திருந்தார்கள். மாதக் கடைசிக்குள் சான்றிதழைக் காட்டவேண்டும். அடுத்த தேர்வோ தீபாவளிக்குப் பிறகுதான்.

"நீ என்னை ஒரு வார்த்தை திட்டல. அதான் பேஜாரா கீது," என்று முந்தின நாள் பவுல்சாமி சொன்னான். "உன் பேர்ல நான் போறேன். நான் கிண்டில போன வருசமே பாஸு. இங்க எவனுக்கும் என் மூஞ்சி தெரியாது. சீட்டுல போட்டோவா ஒட்டிக் கீது?"

"மாட்டுனா ஒஞ் சர்டிபிகேட்டும் போயிரும்லே," என்றான் வெள்ளைத்துரை. திருநெல்வேலிக்காரன். பட்டணத்துக்கு வந்து ஆறு வருஷமாகியும் பேச்சு மாறவில்லை.

"வாயத் தொறந்தாத்தானே மாட்றதுக்கு."

வாயைத் திறக்காமலே மாட்டினான். எஞ்சினைத் தொடுவதற்கு முன் கை தானாக நெற்றிக்கும் மார்புக்கும் தோள்களுக்கும் போய்வந்தது. கடைசியில் கட்டைவிரலை முத்தமிட்டான். ஒவ்வொரு நாளும் ஷெட்டில் போடுகிற சிலுவை, போட்டதே தெரியவில்லை. நிமிர்ந்தால், கருவிகள் கொடுக்கிற மேஜைக்குப் பின்னாலிருந்து ஆம்ப்ரோஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டைக் கழுத்தோரம், கத்தோலிக்கர் கழுத்தில் அணிகிற உத்தரியத்தின் பழுப்புக் கயிறு தெரிந்தது.

பவுல்சாமி குனிந்துகொண்டான். தேர்வுக்காக எஞ்சினில் வேண்டுமென்றே கோளாறு வைத்திருந்தார்கள். பிளக்கில் பொறி வந்தது, ஆனால் தாமதமாக வந்தது. பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்னுக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அவன் திருகாணியைத் தளர்த்தி அதை முன்னுக்குத் தள்ளினான். சரியான இடத்தை இனிதான் பிடிக்கவேண்டும்.

மேஜையிலிருந்து எழுந்து வந்த ஆம்ப்ரோஸ், ஸ்பானர்களைச் சரிபார்ப்பவர் போலப் பக்கத்தில் குனிந்தார்.

"வெள்ளைத்துரை."

"சார்."

"சாந்தோமா, லஸ்ஸா?"

"எது சார்?"

"கோயில்தான். நீ எந்தக் கோயில்?"

"லஸ்ஸுங்க," என்று வந்துவிட்டது.

"லஸ் கோயில்ல வெள்ளைத்துரைன்னு எந்தச் சாமியாருப்பா உனுக்கு ஞானஸ்நானம் குடுத்தாரு?"

"அண்ணே, அவன் நல்ல வேலைக்காரண்ணே. கை ஒடிஞ்சி கீது..."

"அண்ணன் தம்பியெல்லாம் கோயிலாண்ட வச்சிக்கோ. பின்பக்கம் கதவு தொறந்து கீது. ஆபீசர் இங்க வர்றதுக்குள்ள போய்டு. ஆள் பாதியில எழுந்து போய்ட்டான்னு சொல்லிக்கறேன். அவன் தீபாவளிக்கப்பறம் வந்து சொந்தக் கையால செய்யட்டும். நின்னியானா சொல்லிடுவேன். மெரட்றேன்னு நெனைக்காத. இங்க பாஸ் ஆனவன் வைக்கிற பிரேக்க நம்பித்தான் லாரி மலையேறுது."

அவர் மேஜைக்குத் திரும்பிப் போனார்.

அதிகாரி நாலாம் எஞ்சினில் நின்றார். கூடவே அப்துல் கய்யூம் பாய், இரும்பு ஹேண்டிலைத் தோளில் சாத்திக்கொண்டு. ஆள் இருந்தாலும் போனாலும் ஒவ்வொரு எஞ்சினையும் சுழற்றிப் பார்ப்பது அவர் வேலை.

பவுல்சாமி கையைத் துடைத்துக்கொண்டான். கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. போனால் வெள்ளைத்துரைக்கு வேலை போகும், ஆனால் இன்னொரு தேர்வு இருக்கிறது. தன் சான்றிதழும் தப்பும். இரண்டடி எடுத்துவைத்தவன் திரும்பிப் பார்த்தான். டிஸ்ட்ரிபியூட்டர் தளர்ந்து, முன்னுக்குத் தள்ளியபடியே கிடந்தது. இப்படியே சுழற்றினால் பொறி முந்தி விழுந்து, ஹேண்டில் பாயின் கையைத் திரும்பி அடிக்கும். வயரைப் பிடுங்கிப் போடலாம், ஆனால் பார்க்கிறவர்கள் அதை மாட்டிவிட்டுத்தான் சுழற்றுவார்கள். ஐந்தாம் எஞ்சின் இருமிப் பிடித்தது. ஆறாம் எஞ்சினைச் சுழற்றவேண்டாம் என்று பாயிடம் சொல்லச் சொல்லலாமென்று ஆம்ப்ரோஸைப் பார்த்தான். அவர் யாருக்கோ பிளக் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவன் திரும்பி வந்தான். முதல் பிளக்கைக் கழற்றி, துளையில் விரலை வைத்து, எஞ்சினை மெல்ல உருட்டினான். காற்று விரலைத் தள்ளியது. சக்கரத்தில் குறி நேராக வந்து நின்றது. டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான். பாயின்ட் திறந்து பொறி விழுகிற இடத்தில் நிறுத்தி, திருகாணியை இறுக்கி, பிளக்கை மாட்டியபோது பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"முடிந்ததா?" என்றார் அதிகாரி.

"முடிஞ்சுது சார்."

கய்யூம் பாய் ஹேண்டிலைச் செருகினார். பவுல்சாமிக்குத் தாங்கவில்லை. "பாய், கட்டவெரல மடக்காதீங்க. வெளியவே இருக்கட்டும்."

"நான் ஹேண்டில் அடிக்க ஆரம்பிச்சப்போ நீ பொறக்கவே இல்ல நைனா," என்று சிரித்தார் பாய். ஆனாலும் விரலை வெளியே எடுத்துக்கொண்டார். ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்து, சீராக ஓடியது. அதிகாரி காதைச் சாய்த்துக் கேட்டார். தலையை ஆட்டினார்.

"நல்ல கை. தேறிவிட்டாய், வெள்ளைத்துரை."

ஆம்ப்ரோஸ் எழுந்து நின்றார். "சார், அவர் வெள்ளைத்துரை இல்ல."

பாய் எஞ்சினை நிறுத்தினார். கொட்டகையில் ஸ்பானர் சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

"அப்படியானால் நீ யார்?"

"பவுல்சாமி, சார்."

அந்த மாதமே பவுல்சாமியின் கிண்டிச் சான்றிதழ் ரத்து செய்யப்பட்டது. வெள்ளைத்துரை இரண்டு ஆண்டுகளுக்குத் தேர்வுக்கு வரக்கூடாது என்று உத்தரவாயிற்று. பஸ் கம்பெனி ஃபிட்டர் வேலைக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டது.